பெட்டியில் 125, எங்கள் கையில் 60

பிலிம் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள் என்று நான் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும். உங்களிடம் பிலிமும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு சக்கரத்தைத் திருப்பினால் கேமராவில் எண் மாறிவிடுகிறது. படம் சரியில்லை என்றால் அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கிறீர்கள். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. ஆனாலும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், அதிலும் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் இதைச் சொல்லிவிட்டே போகிறேன்.

எண்பதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னால் கேமரா அவருடையது, பின்னால் படம் கழுவும் டார்க் ரூம் என்னுடையது. கலர் வந்துவிட்டது, ஆனால் கலர் ரோலைக் கழுவுவதற்கு பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். வசதியான வீட்டுக் கல்யாணத்துக்குக் கலர், மற்ற எல்லாவற்றுக்கும் கறுப்பு வெள்ளை என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

பிலிமின் வேகம் என்பது அதற்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்கிற கணக்கு. எண் பெரிதானால் கொஞ்சம் வெளிச்சம் போதும், சிறிதானால் நிறைய வேண்டும். நாங்கள் வாங்கிய பெட்டியில் 125 என்று போட்டிருக்கும். அந்த எண்ணை லைட் மீட்டரில் வைத்தால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முள் காட்டும். கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை. குளிர்ந்த அறையில், புதுப் பிலிமை, புதிதாகக் கரைத்த டெவலப்பர் மருந்தில் கழுவி அவன் கண்ட எண் அது. எங்களிடம் வந்த பிலிம் லாரியில் வெந்து, கடை அலமாரியில் வெந்து, எங்கள் பீரோவிலும் வெந்த பிறகுதான் கேமராவுக்குள் போனது. டெவலப்பரோ ஒரே பாட்டிலில் எத்தனையோ ரோலைப் பார்த்துக் களைத்துப்போனது. இவ்வளவுக்கும் பிறகு அது 125 ஆகவே இருக்கும் என்று அண்ணன் நம்பினார். பெட்டியில் போட்டிருக்கிறதே.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வெள்ளைப் புடவை, மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு. மாதா கோயில் படியில் சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். காட்டு வேலை செய்து வெயிலில் கறுத்த எங்கள் ஆட்கள். அண்ணன் 125ஐ வைத்து எடுத்தார். பிரிண்டில் புடவை ஜொலித்தது. மாப்பிள்ளைக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை, ஒரே இருட்டு. பின் வரிசையில் வேட்டியும் பல்லும் மட்டும் வந்திருந்தன. பெண்ணின் சித்தப்பா படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நான் எங்கப்பா நிக்கறேன்?"

"மூணாவதா, உங்க அண்ணனுக்குப் பக்கத்துல இருக்கீங்க பாருங்க."

"எங்க அண்ணனே எங்கன்னு தெரியலியே."

என் அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க கொஞ்சம் சிரிச்சிருந்தா தெரிஞ்சிருப்பீங்க."

அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து என் மேல் பாய்ந்தார். "டெவலப்பர்ல இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்தா வந்திருக்குமில்ல, பாப்பா?" தப்பு கேமராவில் நடந்தாலும் திட்டு டார்க் ரூமுக்குத்தான் வரும். இன்றைக்கு எடிட்டிங் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள், இதே கதைதான் சொல்வார்கள்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் புடவை அதில் கறுப்பாக இருக்கும், கறுப்புக் கோட்டு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். கோட்டு இருந்த இடத்தில் கொஞ்சமாவது புகை படிந்தாற்போல் சாம்பல் தெரிந்தால்தான் அங்கே பாக்கெட்டும் பொத்தானும் இருக்கின்றன என்று அர்த்தம். சுத்தமான கண்ணாடியாக இருந்தால் அங்கே ஒன்றும் விழவில்லை. டெவலப்பரில் நேரம் கூட்டினால் ஏற்கனவே வெளிச்சம் விழுந்த புடவைதான் இன்னும் கெட்டியாகும். விதை விழாத பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் ஈரம்தான் மிஞ்சும். இதை அண்ணனிடம் சொன்னால், "கம்பெனிக்காரன விட உனக்குத் தெரியுமா?" என்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் காலத்து ஸ்டுடியோவில் வாடிக்கையாளர் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு தொங்கும். ஊரில் பாதி ஆண்கள் அந்த ஒரே கோட்டுக்குள் நுழைந்துதான் கனவான் ஆனார்கள். அதை எடுத்துக் கொல்லையில் மாட்டி, தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு, ரோல் கடைசியில் மிஞ்சிய பிரேம்களில் படம் பிடித்தேன். மீட்டரில் முதலில் 125, அப்புறம் 60, அப்புறம் 30. எப்போதும் போலவே கழுவினேன். 125இல் கோட்டு வெறும் ஓட்டை. 60இல் பாக்கெட் மடிப்பு தெரிந்தது, பொத்தான் தெரிந்தது, அண்ணன் தைத்த நூல்கூடத் தெரிந்தது. 30இல் புதிதாக ஒன்றும் சேரவில்லை, துண்டுதான் வெளுத்தது. ஆக எங்கள் ஊரில், எங்கள் பாட்டிலில், எங்கள் கேமராவில் அந்தப் பிலிமின் உண்மையான வேகம் 60. படத்தை அண்ணன் மேசையில் வைத்தேன். பார்த்தார். "கோட்டுக்கு வேணா இது சரி," என்று சொல்லிவிட்டு மீட்டரை 125க்கே திருப்பிக்கொண்டார்.

இதுவரை சிரிக்கிற கதை. இதற்குமேல் சிரிப்பு இல்லை.

கடத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து மாதம்மா என்ற பெண்ணை அவளுடைய தாய்மாமன் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமாகிச் சில வருஷம், ஒரு பெண் குழந்தை. கணவன் தாம்புக் கயிற்றால் அடித்து முதுகெல்லாம் தடித்திருந்தது. மாமியார் வீட்டார் அவள் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசப்போகிறார்கள். முதுகையே காட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எந்தப் பெண் ரவிக்கையைத் தளர்த்துவாள்? அம்மா பார்த்துச் சொன்னாலும் மகளுக்குத்தானே பேசுவாள் என்று தள்ளிவிடுவார்கள். அதற்காகத்தான் மாமனுக்குப் போட்டோ யோசனை வந்தது.

நான் டார்க் ரூமில் பாதி ரோலில் மாட்டியிருந்தேன், கதவைத் திறக்க முடியாது. அண்ணன் எடுத்தார். கொல்லையில் கூரை நிழலில், சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டி அவளைத் திரும்பி நிற்க வைத்து, கூச்சத்தில் எட்ட நின்று, சரியாகப் பார்க்காமலே தட்டிவிட்டார். நல்ல மனுஷன், அந்நியப் பெண்ணின் முதுகை உற்றுப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். மீட்டர் வெள்ளைச் சுவரைப் பார்த்து வெளிச்சம் தாராளமாக இருக்கிறது என்றது. எண்ணும் 125. இரண்டும் சேர்ந்து கழுத்தை அறுத்தன.

நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். சுவர் கன்னங்கறுப்பு, முதுகு சுத்தக் கண்ணாடி. கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை இருப்பதிலேயே குறைத்துக் காட்டும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு பெண்ணின் கறுப்பு உருவம், அவ்வளவுதான். முதுகு மழமழவென்று இருந்தது. மாமனிடம் நேராகவே சொன்னேன்.

"இதைக் கொண்டுபோய் காட்டாதீங்க. இதுல ஒண்ணுமே பதியல. நாளைக்கு நான் எடுத்துத் தரேன்."

"நாளைக்கு யாரும்மா உக்காருவாங்க? பேச்சு இன்னிக்குத்தான். இருக்கறதக் காட்டறோம், போ."

எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு நான் அதைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை.

ஒரு மாதத்துக்குள் மாதம்மா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மாமன் வாசலிலேயே நின்றுகொண்டார். பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். கேஸ் போடலாம், ஆனால் தடம் ஆறுவதற்குள் போட்டோ வேண்டும் என்று வக்கீல் அனுப்பியிருக்கிறார். நான் அவளை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். கேட்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு அந்த போட்டோ எல்லாரு கைக்கும் போச்சுங்கக்கா. எங்க மாமியா அதத் தூக்கிப் புடிச்சி, 'பாருங்க, ஒரு கீறல் இருக்குதா? பொய்க்காரிங்க'ன்னு சொல்லுச்சு. பெரியவுங்க ஒண்ணும் பேசல. எங்கப்பா வாங்கிப் பாத்தாரு. பாத்துட்டு என்னைப் பாத்தாரு. அப்பறம் எம் புள்ளையத் தூக்கி என் கையில குடுத்து, உன் வூட்டுக்குப் போம்மான்னுட்டாரு."

அந்தப் பிரிண்டைப் போட்டது என் கைதான். பிலிமில் விழாததைப் பேப்பர் சொல்லாது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்கு எப்படித் தெரியும்? போட்டோவே சொல்லுது என்பார்கள் ஜனங்கள். போட்டோ சொல்லாததும் அவர்களுக்குச் சாட்சிதான்.

"இன்னிக்கு நான் எடுக்கறேன்," என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் கேமராவைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஸ்டுடியோ விளக்கு எதுவும் இல்லை. பின்னறையில் ஒரு ஜன்னல் இருந்தது, வெளியே வானம் மூடியிருந்தது. கரண்ட் வரும்வரை இருக்கலாம் என்றால், குழந்தையை யாரிடமோ விட்டு வந்திருக்கிறாள், கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இன்னொரு நாள் வரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போன தடவையும் நாளைக்கு என்று சொல்லித்தானே அனுப்பினேன்.

ஒரு ஸ்டூலில் அவளை உட்கார வைத்து, முன்னால் இருந்த நாற்காலி முதுகில் சாய்ந்துகொள்ளச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. அப்படி விழுந்தால்தான் ஒவ்வொரு தடிப்புக்கும் சின்னதாக நிழல் விழும். நேரே வெளிச்சம் அடித்தால் எல்லாம் ஒரே சமமாகிவிடும். மீட்டரை அவள் தோளுக்குப் பக்கத்தில் பிடித்து 60இல் வைத்தேன். அரை விநாடி காட்டியது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டலாம், ஆனால் மூச்சு விடுகிற மனுஷியை எந்த ஸ்டாண்டில் மாட்டுவது? வலியில் அவள் உடம்பு வேறு நடுங்கிக்கொண்டிருந்தது. அரை விநாடியில் அசைந்தால் தடமெல்லாம் குழம்பிவிடும். 125இல் வைத்தால் கால் விநாடி. அசைவு குறையும், படம் கூர்மையாக வரும்.

பின்னறை வாசலில் தொங்கிய திரைக்கு வெளியே நின்ற அண்ணனுக்கு முள் தெரியாது, ஆனால் என் மௌனம் கேட்டிருக்கிறது.

"என்ன காட்டுது?"

"அரை."

"அரையா? ஆடிப்போயிடும், பாப்பா. நூத்தி இருவத்தஞ்சுல வெச்சி எடு. டெவலப்பர்ல பாத்துக்கலாம்."

"டெவலப்பர்ல ஒண்ணும் பாக்க முடியாதுண்ணா."

"ஆடின போட்டோவ வெச்சி என்ன பண்ணுவாங்க?"

"போன தடவ ஆடாத போட்டோதான் எடுத்தீங்க."

சுருக்கென்று தைத்திருக்கும். தைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

தங்கைகளே, தம்பிகளே, நான் யோசித்தது இவ்வளவுதான். ஆடிப்போகிற படத்தில் நாலில் ஒன்றாவது தப்பும். வெளிச்சம் விழாத படத்தில் நாலும் போகும். ஒன்று அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, இன்னொன்று நிச்சயம். அவள் போட்டிருந்த வெள்ளைப் பாவாடை வெளுத்து எக்கேடு கெட்டால் எனக்கென்ன? பாவாடைக்காக யாரும் கேஸ் போடப்போவதில்லை.

அவளிடம் குனிந்து சொன்னேன். "நான் சொல்லும்போது மூச்ச முழுசா வெளிய வுட்டுட்டு அப்படியே நிறுத்திக்கோம்மா. கொஞ்ச நேரந்தான். முடியுமா?"

"மூச்சு நிறுத்தறது எனக்குப் பழக்கந்தாங்கக்கா."

ரோலில் இருந்ததெல்லாம் எடுத்தேன். எல்லாமே 60தான். பயந்துகொண்டு நடுவில் ஒன்றைக்கூட 125இல் எடுக்கவில்லை. அவள் நாற்காலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷட்டர் திறந்து மூடுகிற அந்தச் சின்ன இடைவெளியில் நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அவளை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு டார்க் ரூமுக்குள் போனேன். பழைய பாட்டிலைக் கொட்டிவிட்டு டெவலப்பரைப் புதிதாகக் கரைத்தேன். கழுவி முடித்து ரோலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சில பிரேம்கள் ஆடித்தான் போயிருந்தன. மற்றவற்றில் முதுகு இருந்த இடத்தில் கண்ணாடி இல்லை. மெல்லிய சாம்பல் படிந்திருந்தது, அதற்குள் கோடு கோடாக வேறொரு சாம்பல். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய படமா அது? ஆனாலும் சந்தோஷப்பட்டேன்.

கரண்ட் வந்ததும் பிரிண்ட் போட்டேன். கயிறு எங்கே விழுந்தது, எங்கே முறுக்கு பதிந்தது, எங்கே பழைய தடத்தின் மேல் புதுத் தடம் ஏறியிருந்தது, எல்லாம் தெரிந்தது. கிணற்றுப் படியில் விழுந்தால் கயிற்று முறுக்கு பதியாது. அண்ணன் வந்து ஈரப் பிரிண்டைப் பார்த்தார். "இதெல்லாம் அன்னிக்கே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். பழைய தடத்தைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் மீட்டரை எடுத்தால், மணப்பெண் அலங்காரத்துக்கு வைத்திருந்த நகச்சாயத்தில் 60 என்ற எண்ணின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. சக்கரமும் அதில்தான் நின்றது. அதற்கப்புறம் எங்கள் ஸ்டுடியோ குரூப் போட்டோவில் பின் வரிசைக்காரர்களுக்கு முகம் வந்தது.

உங்கள் டிஜிட்டலில் கணக்கு நேர்மாறாம். வெள்ளை வெளுத்துப் போனால் திரும்பாது, இருட்டிலிருந்து கொஞ்சம் மீட்கலாம் என்று என் அண்ணன் மகன் சொல்கிறான். இருக்கட்டும். கருவி மாறும்போது எது போனால் திரும்பாது என்பதும் மாறும். அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கையால் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் எதிரில் இருப்பவருக்கு எது போகக் கூடாது என்று பாருங்கள். எண் அதற்கப்புறம்தான்.

படத்தை வாங்க மாதம்மா தனியாகவே வந்தாள். உறையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். தன் முதுகை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பாள்? முகத்துக்கே கைக்கண்ணாடிதான் இருந்திருக்கும். விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிப் பார்த்தாள்.

"நான் கொஞ்சந்தான்னு நெனச்சிட்டிருந்தேங்கக்கா."

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. வக்கீலுக்கான படத்தை உறையில் திருப்பி வைத்துவிட்டு, "இதே மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க," என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா இது? பாக்கப் பாக்க மனசு கஷ்டமா இருக்குமே."

"இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாம் ஆறிடுங்க. அப்ப அவரு வந்து வாசல்ல நின்னு அழுவாரு. எங்கம்மாவும் அழுவும், புள்ளையும் அப்பாகிட்டப் போலாம்னு கேக்கும். எனக்கு மனசு எளகிடும், என்னைப் பத்தி எனக்குத் தெரியும்." உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னிக்கு எடுத்துப் பாக்கணுங்கக்கா."

அவளுக்கான பிரிண்டை அவளை உட்கார வைத்துக்கொண்டே போட்டேன். நாளாக நாளாகப் படம் மங்காமல் இருக்க, எப்போதையும்விடக் கூடுதல் நேரம் தண்ணீரில் அலசினேன்.